இருட்டிலிருந்து வந்த கோணங்கள்: ககனேந்திரநாத் தாகூரின் இரவும் கனவும்

ககனேந்திரநாத் தாகூரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று குறிப்புகளோடு முடிந்துவிடுகிறது. அவர் ரவீந்திரநாத் தாகூரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்; வங்க ஓவிய மரபைத் தொடங்கிவைத்த அவனீந்திரநாத்தின் அண்ணன்; உருவங்களைக் கோணங்களாகவும் தளங்களாகவும் உடைத்துக் காட்டும் கியூபிச பாணியை இந்தியாவில் முதன்முதலில் கையாண்டவர்களுள் முதன்மையானவர். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றாவது குறிப்பு அவருக்குப் புகழையும் சிறுமையையும் ஒருசேரத் தேடித் தந்தது. பாரிஸில் பிறந்த ஒரு பாணியைக் கல்கத்தாவில் அமர்ந்து பின்பற்றியவர் என்று சொன்ன கணமே, அவருடைய ஓவியங்களைப் பிக்காசோவின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் குறைகளை எண்ணுவது எளிதாகிவிட்டது. அவர் உண்மையில் என்ன வரைந்தார், எதைக் கண்டு வரைந்தார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. அவருடைய கோணங்களுக்கு அடிப்படை பாரிஸின் கோட்பாடுகளைவிட, விளக்குகள் மாறிக்கொண்டிருந்த ஒரு நகரத்திலும் பெரிய பழைய வீடொன்றின் இருட்டிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்குக் கல்கத்தாவின் ஜோராசாங்கோவில், துவாரகாநாத் தாகூர் சந்தில் 5, 6 என்ற எண்களில் தாகூர் குடும்பத்தின் இரு கிளைகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தன. ஆறாம் எண் வீடு ரவீந்திரநாத்துடையது. அது இன்று அருங்காட்சியகமாகவும் பல்கலைக்கழகமாகவும் நிற்கிறது. ககனேந்திரநாத் 1867 செப்டம்பர் 18 அன்று பிறந்தது ஐந்தாம் எண் குடும்பத்தில். அந்த வீடு பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. ரவீந்திரநாத் அவருக்குச் சித்தப்பா முறை என்றாலும் வயதில் ஆறே ஆண்டுதான் மூத்தவர். தந்தை குணேந்திரநாத் 1881-ல் இறந்தபோது ககனேந்திரநாத் பதின்வயதைத் தாண்டவில்லை. மூத்த மகன் என்பதால் குடும்பப் பொறுப்பும் சொத்து நிர்வாகமும் அவர் தலையில் விழுந்தன. முறையான ஓவியக் கல்வி என்று பெரிதாக எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஓவியத்தில் அவர் முழுமூச்சாக இறங்கியபோது நாற்பதை நெருங்கிவிட்டார். தம்பியர் சமரேந்திரநாத், அவனீந்திரநாத் இருவரோடும் அவர் அமர்ந்து வரைந்த தெற்குத் தாழ்வாரம் வங்கக் கலை வரலாற்றில் ஒரு கல்விக்கூடத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. சுயமாகக் கற்று, நாட்டார் மரபின் எளிமையோடு வரைந்த சுனயனி தேவி இவர்களுடைய தங்கை.

ககனேந்திரநாத்தின் ஒளியைப் புரிந்துகொள்ள நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அவருடைய கியூபிச ஓவியம் எதையும் அல்ல. 1912-ல் வெளிவந்த ரவீந்திரநாத்தின் இளமைக்கால நினைவுநூலான 'ஜீவன்ஸ்மிருதி'க்கு அவர் வரைந்து கொடுத்த மைச்சித்திரங்களைத்தான். அந்நூலில் ஓர் இடம் வருகிறது. இரவில், பலகணிகள் அடைத்த நீண்ட தாழ்வாரம். மினுக்கும் ஒரு லாந்தர். அதைக் கடந்து நாலைந்து படி இறங்கினால் அந்தப்புரத்தின் முற்றம். கிழக்கிலிருந்து சாய்வாக வந்த நிலவு மேற்குத் தாழ்வாரத்தில் ஒரு துண்டு மட்டும் வெளிச்சம் போட்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்த ஒரு துண்டு வெளிச்சத்தில் வேலைக்காரப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, தத்தம் ஊர்க் கதைகளைத் தாழ்ந்த குரலில் பேசியபடி, விளக்குக்குப் பஞ்சுத் திரி திரித்துக்கொண்டிருக்கிறார்கள். ககனேந்திரநாத் இக்காட்சியை வரைந்திருக்கிறார். பின்னாளில் அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரவிருக்கும் பொருள்கள் அனைத்தும் இங்கேயே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்: படிக்கட்டு, தாழ்வாரம், சாய்ந்து விழும் ஒளி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போன்ற எல்லை, முகம் தெளிவாகத் தெரியாத பெண்கள். கியூபிசம் என்ற பெயர் கல்கத்தாவின் ஓவியப் பேச்சுக்குள் நுழைவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முந்தைய படம் இது.

மையைக் கையாளும் வித்தை அவருக்கு ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பானியக் கலைச் சிந்தனையாளர் ஒகாகுரா 1902-ல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு நட்புக் கொண்டார். அவருடைய தூண்டுதலால் யோகொயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரு ஓவியர்கள் 1903-ல் வந்தனர். கோடுகளை அமுக்கி, ஈரமான தாளில் மையையும் வண்ணத்தையும் படரவிட்டு மூட்டமான வெளியை உண்டாக்குவது அவர்களுடைய முறை. அதைக் கண்ட அவனீந்திரநாத் வண்ணம் பூசிய தாளைத் தண்ணீரில் முக்கியெடுத்து, மறுபடி வண்ணம் பூசும் 'வாஷ்' முறையை வளர்த்தெடுத்தார். ககனேந்திரநாத்துக்கோ கறுப்பு மையின் மேல்தான் காதல். அவர் வரைந்த காகங்களைப் பார்த்தால் அது விளங்கும். ஈரத் தூரிகையின் ஒரே இழுப்பில் முதுகு, அரைகுறையாக உலர்ந்த தூரிகையின் கீறலில் இறகு. கறுப்புக்குள்ளேயே பல தரங்கள். ஒரே மையில் அடர்ந்த கறுப்பு முதல் புகைபோன்ற சாம்பல் வரை கொண்டுவரத் தெரிந்த கைக்கு, இரவை வரைவது அடுத்த படிதான்.

இனி நகரத்தின் விளக்குகள். கல்கத்தாவின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் 1857-ல் ஏற்றப்பட்டன. வீடுகளுக்குள் நெடுங்காலம் எண்ணெய் விளக்குகளே எரிந்தன. ரவீந்திரநாத்தின் பிள்ளைப் பருவம் ஆமணக்கெண்ணெய் விளக்கின் மங்கலில் கழிந்ததை அவரே எழுதியிருக்கிறார். மின் விளக்கின் செயல்விளக்கம் ஒன்று 1879-ல் நகரில் நடந்தது. ஆனால் 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே மின்சாரம் முறையாக விநியோகிக்கப்பட்டது. 1902-ல் குதிரை டிராம்களின் இடத்தில் மின் டிராம்கள் ஓட ஆரம்பித்தன. ஆக, எண்ணெய்த் திரியின் வெளிச்சத்தில் பிறந்து, எரிவாயு விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்து, முப்பதைத் தாண்டிய வயதில் மின் விளக்கைக் கண்ட தலைமுறை ககனேந்திரநாத்தினுடையது. ஓவியன் ஒருவனுக்கு இது சிறிய செய்தி அன்று. எண்ணெய் விளக்கின் சுடர் அசைந்துகொண்டே இருப்பது. அதன் நிழலும் அசைந்து, விளிம்பு கரைந்து, சுவரில் ஊர்ந்து போகும். மின் விளக்கின் ஒளி நிலையானது. அது ஒரு கதவிடுக்கு வழியாகவோ பலகணிச் சட்டங்களின் வழியாகவோ வெளியேறும்போது எதிர்ச்சுவரில் நேர்க்கோடுகளையும் முக்கோணங்களையும் சரிந்த நாற்கரங்களையும் வெட்டிப் போடும். கல்கத்தாவின் பழைய வீடுகளில் அந்த மரச்சட்டப் பலகணிகளும், மாடிக்கு மாடி திரும்பும் படிக்கட்டுகளும், முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரங்களும் ஏராளம். இரவில் அப்படியொரு வீட்டின் ஏதோ ஓர் அறையில் ஒரேயொரு விளக்கு எரிந்தால், வீடு முழுவதும் தானாகவே வடிவியலாக மாறிவிடுகிறது. அந்த வடிவியலை ககனேந்திரநாத் பல்லாண்டுகளாகத் தம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய நகர ஓவியங்களில் முதலில் வருவது பண்டிகையின் ஒளி. 1915 வாக்கில் அவர் வரைந்த 'பிரதிமா விசர்ஜன்', துர்கா பூஜையின் முடிவில் சிலையை ஆற்றில் கரைக்கக் கொண்டுசெல்லும் ஊர்வலத்தைக் காட்டுவது. இரவு, இருபுறமும் வீடுகள் இருண்டு நிற்க, தெரு முழுவதும் தலைகளாகத் தெரியும் கூட்டம். தனி மனிதர் ஒருவருக்கும் முகமில்லை. கூட்டத்துக்கு மேலே விளக்கொளியின் பொன்னிறம் புகையோடு கலந்து கிடக்க, அதன் நடுவில் தேவியின் உருவம் போய்க்கொண்டிருக்கிறது. விழாவை வரையும் ஓவியர்கள் வழக்கமாகத் தெய்வத்தின் அலங்காரத்தையும் பக்தர்களின் முகபாவத்தையும் வரைவார்கள். இங்கே வரையப்பட்டிருப்பது இருட்டு வழியாக ஒரு வெளிச்சம் நகர்ந்துசெல்வது. அந்த வெளிச்சம் ஆற்றை நோக்கிப் போகிறது, அங்கே அது அணைந்துவிடும் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். வங்காளத்தில் எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ககனேந்திரநாத்தின் குறியீடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை: மக்களின் வாழ்க்கையில் ஏற்கனவே பொருள் ஏறியிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒளியை மட்டும் கூட்டியோ குறைத்தோ காட்டுவார். இளம் மகனை இழந்த துயரத்தில் கீர்த்தனைகளின் பக்கம் திரும்பியவர், அதன் பிறகு 1910-களின் முற்பகுதியில் வைணவத் துறவி சைதன்யரின் வாழ்க்கையை வரிசையாக வரைந்தபோதும் இந்த அடக்கம்தான் அவரை நடத்தியது.

நாடக அரங்கின் பங்கை ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், அதற்குரிய எடையைக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஜோராசாங்கோ வீட்டில் நாடகம் என்பது பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியம். ரவீந்திரநாத்தின் 'பால்குனி' 1916-லும், தபால் நிலையம் என்று பொருள்படும் 'டாக்கர்' நாடகம் 1917-லும் அங்கு மேடையேறின. அரங்க அமைப்பில் ககனேந்திரநாத்தின் கை இருந்தது. அவர் நல்ல நடிகரும்கூட. 'டாக்கர்' நோயுற்ற ஒரு சிறுவனின் கதை. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டளையிட, அமல் என்னும் அந்தப் பையன் சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போவோர் வருவோரோடு பேசிக்கொண்டு, அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். கடைசியில் வரும் அரச வைத்தியர் கதவு சன்னல்களையெல்லாம் திறக்கச் சொல்கிறார். விளக்கை அணைத்துவிட்டு விண்மீன் ஒளியை மட்டும் உள்ளே விடச் சொல்கிறார். பையன் தூங்கிப் போகிறான். அறைக்குள் எரியும் சிறு விளக்கு, சன்னலுக்கு வெளியே விரியும் பெருவெளி, மரணமென்றும் உறக்கமென்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முடிவு ஆகிய மூன்றையும் மேடையில் கட்டி எழுப்பிய கைதான் அடுத்த சில ஆண்டுகளில் திறந்த கதவுகளையும் ஆளற்ற படிகளையும் வரையத் தொடங்குகிறது. அவருடைய பிற்கால ஓவியங்களில் கட்டடங்கள் ஒரு மேடையின் பக்கத் தட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதும், ஒளி எப்போதும் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வருவதும் தற்செயல் அல்ல.

இடையில் அவர் கேலிச்சித்திரங்களும் வரைந்தார். வீட்டிலேயே கல்லச்சு இயந்திரம் வைத்து அச்சிட்ட 'பிரூப் பஜ்ர', 'அத்பூத் லோக்' தொகுப்புகள் 1917-லும் 'நப ஹுல்லோட்' 1921-லும் வந்தன. ஆங்கிலேய நடையுடை பாவனையில் மயங்கிய பாபுக்களும், சாதியாசாரத்தைக் காட்டிப் பிழைத்த பிராமணர்களும், காலனியக் கல்வி முறையும் அவற்றில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அவை தனிக் கட்டுரைக்குரியவை. அந்தச் சித்திரங்களில் பெரிய கறுப்புப் பரப்புகளையும் வெள்ளைப் பரப்புகளையும் நேருக்கு நேர் மோதவிடும் துணிவு அவருக்குக் கைவந்துவிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 1921-ஐ ஒட்டி, ஐம்பத்து நான்காம் வயதில், அவருடைய ஓவியங்களில் பரப்புகள் உடையத் தொடங்குகின்றன. 1922 ஜூலையில் 'ரூபம்' இதழில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அவரை ஓர் இந்திய கியூபிஸ்ட் என்று அறிமுகப்படுத்திக் கட்டுரை எழுதினார். வியன்னாவில் கலை வரலாறு பயின்ற கிராம்ரிஷ் அப்போதுதான் வங்காளத்துக்கு வந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சி ஒன்று கல்கத்தாவில் நடந்தது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து பௌல் கிளே, காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் முதலியோரின் படைப்புகள் அதில் வைக்கப்பட்டன. இந்திய ஓவியர்களின் வரிசையில் ககனேந்திரநாத்தும் இருந்தார். பௌஹவுஸ் ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் அவர் இப்படி வரைய ஆரம்பித்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது பிழை. கிராம்ரிஷின் கட்டுரை கண்காட்சிக்கு ஐந்து மாதம் முந்தியது; கட்டுரைக்குப் பொருளான ஓவியங்கள் அதற்கும் முந்தியவை. ஐரோப்பிய இதழ்களின் வழியாகவும் நூல்களின் வழியாகவும் கியூபிசம் அவரை எட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கனவே வரைந்துகொண்டிருந்த ஒன்றுக்கு ஒரு கருவி கிடைத்தது என்ற அளவில்தான் அது அவருக்குப் பயன்பட்டது.

பாரிஸின் கியூபிசத்துக்கும் அவருடைய ஓவியங்களுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. 1907-க்கும் 1914-க்கும் இடையில் பிக்காசோவும் ஓவியர் பிராக்கும் செய்தது பொருளைப் பற்றிய ஆராய்ச்சி. கித்தார், புட்டி, அமர்ந்திருக்கும் மனிதர் ஆகியவற்றைப் பல பக்கங்களிலிருந்து ஒரே சமயத்தில் காட்ட, பழைய ஐரோப்பிய ஓவியத்தின் ஒற்றைப் பார்வைக் கோணத்தை அவர்கள் உடைத்தார்கள். ஒளி அவர்களுக்கு இரண்டாம்பட்சம். வண்ணத்தைக்கூடப் பழுப்பு, சாம்பல் அளவில் ஒடுக்கிக்கொண்டார்கள். ககனேந்திரநாத் பொருளை உடைக்கவே இல்லை. அவருடைய ஓவியத்தில் மனித உருவம் பெரும்பாலும் முழுமையாகவே நிற்கும். அதைச் சுற்றியிருக்கும் வெளிதான் உடைந்திருக்கும். உடைப்பதும் ஒளிதான். முப்பட்டகக் கண்ணாடியும் கலைடாஸ்கோப்பும் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். புகைப்படக் கலையிலும் அவருக்குப் பழக்கம் உண்டு. ஒளிக்கீற்று ஒன்று மேலிருந்து சரிந்து வருகிறது. அது கடக்கும் இடமெல்லாம் மங்கிய தளங்களாகப் பிரிகிறது. தளத்தின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு புகையாகவும் முடிகிறது. தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது அடியிலிருப்பது மேலே கசிந்து தெரிகிறது. எண்ணெய் வண்ணத்தில் இதைச் செய்ய வேறு வழி தேட வேண்டும். நீர்வண்ணத்தில், அதிலும் மெல்லிய பூச்சுகளை அடுக்கும் முறையில் தேர்ந்த ஒருவருக்கு, இது கையோடு வரும் வேலை. அவருடைய மிகப் பிரகாசமான இடங்களில் வண்ணமே கிடையாது. அங்கே தெரிவது தாளின் வெண்மை. சுற்றிலும் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் தொடாமல் விட்ட ஒரு கீற்றை விளக்காக எரியவிடுகிறார்.

'இரவில் நகரம்' என்று குறிக்கப்படும் ஓவியத்தையும் அதைச் சேர்ந்த மற்ற நகர ஓவியங்களையும் இப்படிப் பார்த்தால் அவற்றின் அமைப்பு தெளிவாகும். கட்டடங்கள் முகப்பு வேறு பக்கவாட்டு வேறு என்றில்லாமல் கூர்கூரான கறுப்புத் துண்டுகளாக எழும்பி நிற்கின்றன. எந்தச் சுவர் எந்த வீட்டுக்குரியது என்று சொல்ல முடியாது. ஆங்காங்கே வெளிச்சத் துண்டுகள். அவை சன்னலாகவும் இருக்கலாம், எதிர்வீட்டு ஒளி பட்ட சுவராகவும் இருக்கலாம். படிகள் ஏறிப் போகின்றன. போய்ச் சேரும் இடம் தெரியவில்லை. பெரிய நகரம் ஒன்றில் இரவில் நடந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல: பகலில் நன்கு தெரிந்த தெரு, இரவில் வெளிச்சமான சில துண்டுகளாக மட்டும் மிஞ்சி, நடுவிலுள்ளதை நம் மனமே நிரப்பிக்கொள்ள விட்டுவிடுகிறது. ஓவியர் அந்த நடுவெளியை நிரப்பித் தர மறுக்கிறார். கனவின் இயல்பும் இதுவே. கனவில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எப்படி வந்தோம் என்பது தெரியாது. வந்துவிட்டோம் என்பது மட்டும் தெரியும். 'படிக்கட்டில் சந்திப்பு' என்ற ஓவியத்தில் உருவங்கள் எதிர்ப்படும் இடம் இப்படிப்பட்ட வீடொன்றின் உட்புறம்தான். மேலிருந்து ஒளி இறங்குகிறது, சுவர்கள் மடங்கி மடங்கித் திரும்புகின்றன, சந்திப்பவர்கள் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்பதை அறிய ஓவியத்தில் எந்தத் துப்பும் இல்லை.

கனவுலகின் இன்னொரு பக்கம் ஒளி மிகுந்தது. கடலில் மூழ்கிப்போன கண்ணனின் நகரத்தை 'துவாரகாபுரி' என்ற ஓவியத்தில் அவர் பளிங்குக் கட்டிகளை அடுக்கியது போல எழுப்பியிருக்கிறார். சித்திக் கொடுமையால் ஏழு சகோதரர்கள் சம்பகப் பூக்களான வங்காளத்து நாட்டார் கதையான 'சாத் பாய் சம்பா' அவர் கையில் ஒளித் துண்டுகளுக்குள் முகங்கள் பூத்து நிற்கும் காட்சியாகியிருக்கிறது. குழந்தைகளுக்காக 'போந்தோர் பகதூர்' என்றொரு விசித்திரக் கதையையும் அவர் எழுதினார். இந்த ஓவியங்கள் அழகானவை. கண்ணை உடனே கவர்பவை. ஆனால் என் மதிப்பீட்டில் அவர் உச்சத்தைத் தொட்டது இவற்றில் அல்ல. ஒளி எங்கும் நிறைந்த இடத்தில் அவருடைய தளங்கள் சில வேளை அலங்காரமாக நின்றுவிடுகின்றன. இருட்டு முக்கால் பங்கு இருக்கும் ஓவியங்களில்தான் ஒவ்வொரு கோணமும் தேவையினால் வந்ததாகத் தெரிகிறது.

அவரைப் போலி என்று ஒதுக்கியவர்களில் செல்வாக்கு மிக்கவர் ஆங்கிலேயக் கலை விமர்சகர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர். 1959-ல் எழுதிய அவர், ககனேந்திரநாத்தின் ஓவியங்களை கியூபிசத்தின் வலுவற்ற பின்பற்றல் என்ற தீர்ப்போடு ஓரங்கட்டினார். இந்த விதத் தீர்ப்பின் அடியில் உள்ள நியாயக்கேட்டைக் கலை வரலாற்றாளர் பார்த்த மித்தர் 2007-ல் நன்றாக எடுத்துக்காட்டினார். ஐரோப்பிய ஓவியர் ஆப்பிரிக்கச் சிற்பத்திலிருந்து எடுத்துக்கொண்டால் அது மேதைமையின் அடையாளமாகிறது. இந்திய ஓவியர் ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டால் அது போலியாகிறது என்பதே அவர் சுட்டியது. நியாயமான வாதம். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆர்ச்சரின் பிழை அளவுகோலில் மட்டும் இல்லை, பார்வையிலும் இருக்கிறது. கியூபிசத்தின் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததால், ஓவியத்தில் உருவம் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை அவர் தேடினார். ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். பிரான்சு நாட்டு கியூபிஸ்டுகளைவிட, கட்டடங்களையும் கடலையும் ஒளிக்கதிர்களால் பிளந்து காட்டிய ஃபைனிங்கர்தான் ககனேந்திரநாத்துக்கு நெருக்கமானவர். இருவரின் ஓவியங்களும் 1922-ல் ஒரே கண்காட்சியில் தொங்கியது கலை வரலாற்றில் மகிழ்ச்சி தரும் ஒரு பொருத்தம்.

1920-களின் பிற்பகுதியில் கோணங்கள் மெல்ல விலகி, கறுப்பு கூடுகிறது. முக்காடிட்ட பெண்கள் வருகிறார்கள். பல வேளை முதுகு காட்டியோ முகம் மறைந்தோ நிற்கிறார்கள். பெரிய வாசல்கள், பாதி திறந்த கதவுகள், அவற்றுக்கு அப்பால் நிறமற்ற வெளிச்சம். படிகளில் ஏறிக்கொண்டிருக்கும் வெள்ளை உருவம் பெண்ணா, ஆவியா, போர்த்திய பிணமா என்று கேட்கும்படி இருக்கிறது. முந்தைய ஓவியங்களில் ஒளி நகரத்தின் ஏதோ ஓர் அறையிலிருந்து வந்தது. இப்போது அது இந்தப் பக்கத்திலிருந்து வருவதாகவே தெரியவில்லை. இவற்றை மரணத்தின் குறியீடுகளாக வாசிப்பது வழக்கம். அந்த வாசிப்பு தவறல்ல. ஆனால் முக்காடிட்ட பெண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ககனேந்திரநாத் வளர்ந்த வீட்டில் அந்தப்புரம் என்பது ஆண்பிள்ளை ஒருவன் குறிப்பிட்ட வயதோடு வெளியேற வேண்டிய இடம். அதன் கதவுக்கு அப்பால் விளக்கு எரிவதும் நிழல்கள் நடமாடுவதும் தெரியும், பேச்சுக்குரல் கேட்கும், உள்ளே போக முடியாது. மறைக்கப்பட்ட வாழ்க்கை, மறைந்துபோன குழந்தைப் பருவம், வரப்போகும் மறைவு ஆகிய மூன்றும் அந்த ஒரே உருவத்தில் கூடியிருக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து விளக்கம் சொன்னால் ஓவியம் சிறுத்துவிடும். குறியீட்டு ஓவியத்துக்கு அகராதி போட முயல்வதன் ஆபத்து இதுதான்: கதவு என்றால் மரணம், படி என்றால் மேலுலகம், விளக்கு என்றால் ஞானம் என்று பட்டியல் போட்ட பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அவரோ பல ஓவியங்களுக்குத் தேதிகூட இடாமல் விட்டவர்.

1930-ல் பக்கவாதம் அவருடைய பேச்சையும் தூரிகையையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டது. அதன் பின் எட்டாண்டுகள் வாழ்ந்து, 1938 பிப்ரவரி 14 அன்று காலமானார். முக்காட்டு உருவங்களை வரைந்த காலத்தில் இந்த முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது என்பது போல எழுதுபவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல ஆதாரம் ஏதுமில்லை. அவ்வோவியங்களுக்கு அந்த முன்னறிவு தேவையும் இல்லை.

அவருக்கு நேர் வாரிசு என்று சொல்லத்தக்க ஓவியர் உருவாகவில்லை. அவனீந்திரநாத்துக்கு மாணவர் பரம்பரை அமைந்தது: நந்தலால் போஸ் சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப்பள்ளியை வளர்த்தார், தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பேற்று ஒரு தலைமுறைத் தென்னிந்திய ஓவியர்களை உருவாக்கினார். ககனேந்திரநாத் பாடம் நடத்தவில்லை, கொள்கை விளக்கம் எழுதவில்லை, ஒரு பாணியிலேயே நிலைத்து நிற்கவுமில்லை. தேசிய இயக்கத்தின் காலத்தில் அஜந்தாவையும் முகலாய ஓவியத்தையும் நோக்கித் திரும்பியிருந்த கலைச்சூழலில், இருட்டு வீட்டையும் உடைந்த நகரத்தையும் வரைந்த ஒருவரை எங்கே வைப்பது என்பது எவருக்கும் எளிதாக இல்லை.

இன்று அவருடைய ஓவியங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. ரவி வர்மா, அமிர்தா ஷேர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களுக்கு மட்டுமே இந்தத் தகுதி உண்டு. நாட்டைவிட்டு அவற்றை விற்று அனுப்ப முடியாது. இந்தப் பாதுகாப்பு தேவையானதுதான். ஆயினும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நவீன ஓவியத்தின் கதை சொல்லப்படும்போது அவர் பெயர் அரிதாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபத்திலும், தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. நேரில் பார்ப்பவர்களை முதலில் வியக்கவைப்பது அளவு. அச்சில் பெரிய சுவரோவியம் போலத் தோன்றிய நகரம் கையில் ஏந்தக்கூடிய ஒரு தாளாக இருக்கும். இரண்டாவது, கறுப்பு. அச்சிலும் திரையிலும் அவருடைய கறுப்பு ஒரே சீராகத் தட்டையாகிவிடுகிறது. வெளிச்சம் மட்டும் கூடுதலாகப் பளிச்சிட்டு, ஏதோ வண்ணக்கண்ணாடி வேலைப்பாடு என்று நினைக்கத் தோன்றுகிறது. அசலில் அந்தக் கறுப்புக்குள் நீலமும் பழுப்பும் பச்சையும் கலந்த பூச்சுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. கண் அந்த மங்கலுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். வெளிச்சத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஓவியத்துக்கு நகர்பவர், தூணுக்குப் பின்னாலும் படியின் வளைவிலும் அவர் வரைந்துவைத்திருக்கும் மனிதர்களைத் தவறவிடுவார்.